திரையில் சேராத ஜோடியைக் கதையில் சேர்ப்பது எப்படி?

ஒரு தொடரில் இரண்டு பாத்திரங்கள் கடைசிவரை காதலிப்பதே இல்லை. ஆனாலும் பார்ப்பவர்களில் ஒரு கூட்டம், "இவங்க ரெண்டு பேரும் சேர்ந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்று ஆதங்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த ஆதங்கத்தைக் கதையாக எழுதினால் அதுதான் கேனன் அல்லாத ஜோடியின் ஃபேன் ஃபிக்‌ஷன். திரையில் நடந்தது கேனன். ரசிகர்கள் சேர்த்துவைக்க நினைக்கும் ஜோடி ஷிப். திரையில் வராவிட்டாலும் ரசிகர்கள் எழுதி எழுதியே நடந்ததுபோல் ஆகிவிட்ட விவரம் ஃபேனன். ஆரம்பத்துக்கு இந்த மூன்று சொல் போதும். மற்றவை எழுதும்போது தானாக வரும்.

இது இணையம் வந்த பிறகு முளைத்த பழக்கம் இல்லை. 1966 முதல் 1969 வரை ஓடிய ஸ்டார் ட்ரெக் தொடரின் கேப்டன் கர்க்கையும் ஸ்பாக்கையும் காதலர்களாக்கி 1970-களிலேயே ரசிகர்கள் எழுதினார்கள். தாங்களே அச்சடித்த சிற்றிதழ்களில் போட்டு, தபாலில் அனுப்பிப் படித்தார்கள்.

கேனன் அல்லாத ஜோடி எல்லாம் ஒரே ரகம் இல்லை. திரையில் ஒருமுறைகூடப் பேசிக்கொள்ளாதவர்களைச் சேர்ப்பதென்றால் அவர்கள் சந்திக்க ஒரு காரணம் தேட வேண்டும். எதிரிகளுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். நண்பர்களுக்கு, பழகிய முகத்தைப் புதிதாகப் பார்க்கவைக்கும் ஓர் அதிர்ச்சி வேண்டும். ஆரம்ப எழுத்தாளர் அதிகம் தடுக்கி விழுவது நான்காவது ரகத்தில்: காதல் உறவு என்று யாருமே நினைக்காத இன்னோர் உறவில் ஏற்கெனவே இருப்பவர்கள். அந்த ரகத்திலிருந்தே உதாரணம் எடுப்போம். டவுன்டன் ஆபி தொடரின் மேரி கிராலியும் டாம் பிரான்சனும். (தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கதை முழுவதும் கீழே உடைகிறது.)

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. இங்கிலாந்தில் ஐடிவி 2010 முதல் 2015 வரை ஒளிபரப்பிய தொடர், ஆறு சீசன். கதை 1912-இல் தொடங்கி 1925 கடைசி இரவில் முடிகிறது. பிரபு குடும்பத்தின் மூத்த மகள் மேரி. அந்த வீட்டுக்குக் கார் ஓட்ட வந்த ஐரிஷ்காரர் டாம். மேரியின் கடைசித் தங்கை சிபிலும் டாமும் காதலித்து மணக்கிறார்கள். 1920-இல் பிரசவத்தை ஒட்டி வலிப்பு கண்டு சிபில் இறக்கிறாள். பெண் குழந்தை பிழைக்கிறது. அம்மாவின் பெயரையே வைத்து சிபி என்று கூப்பிடுகிறார்கள். 1921-இல் மேரிக்கு மகன் ஜார்ஜ் பிறந்த அன்றே அவள் கணவர் மேத்யூ கார் விபத்தில் போய்விடுகிறார். இதற்குள் டாம் அந்த வீட்டு எஸ்டேட்டின் காரியஸ்தர் ஆகியிருக்கிறார். கணவனை இழந்தவளும் மனைவியை இழந்தவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே கணக்குப் புத்தகத்தின் முன், கைக்குழந்தைகளோடு. தொடர் அவர்களை அண்ணன் தங்கை போலத்தான் வைத்திருந்தது. 1925-இல் மேரி ஹென்றி டால்பட்டை மணந்துகொண்டாள்.

ரசிகர்கள் விடுவார்களா?

இனி முதல் பாடம், முக்கியமான பாடமும் இதுதான். "இவர்கள் ஏன் சேர வேண்டும்" என்பதற்கு வாசகருக்குப் பதில் தேவையில்லை. அந்த ஜோடியின் பெயரைப் பார்த்துத்தானே கதைக்குள் வந்திருக்கிறார். அவருக்கு வேண்டிய பதில் வேறு: இவர்கள் ஏன் சேரவில்லை? நடுவில் நிற்கும் சுவர் எது? கேனன் ஜோடியை எழுதும்போது அந்தச் சுவரைத் தொடரின் எழுத்தாளரே கட்டி, அவரே இடித்தும் கொடுத்திருப்பார். இங்கே அதைக் கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது. சுவரைக் காணாததுபோல் எழுதினால் இரண்டு பெயர்கள் மட்டும் மிஞ்சும், பாத்திரங்கள் இருக்காது.

மேரிக்கும் டாமுக்கும் நடுவே எத்தனை சுவர்கள்? வர்க்கம் என்று எல்லோரும் சட்டென்று சொல்வார்கள். 1922 வாக்கில் அது பாதி இடிந்த சுவர். டாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்கிறார், பட்லர் கார்சன் பல்லைக் கடித்துக்கொண்டாவது 'மிஸ்டர் பிரான்சன்' என்கிறார். நம்மூரில் வீட்டோடு மாப்பிள்ளை என்பார்களே, மனைவி போன பிறகும் அந்த நிலையில் இருப்பவர். அந்தக் கூச்சம் இன்னும் நல்ல சுவர். மதம் அதைவிடப் பெரியது, டாம் கத்தோலிக்கர். எல்லாவற்றையும்விடப் பெரிய சுவர் சிபில்.

எழுத உட்காரும் முன் தொடரை மறுபடி பாருங்கள். முழுவதும் தேவையில்லை, இருவரும் ஒரே அறையில் இருக்கும் காட்சிகள் போதும். ஒரு நோட்டில் காட்சிவாரியாக மூன்று விஷயம் குறியுங்கள்: என்ன நடந்தது, யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள், காட்சி முடிந்த பிறகு திரை எதைக் காட்டவில்லை. மூன்றாவதில்தான் உங்கள் கதை இருக்கிறது.

மேரி–டாமுக்கு அந்த நோட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை சில. இரண்டாம் சீசனில் சிபிலும் டாமும் ஓடிப்போகும்போது, வழியில் ஒரு விடுதியில் அவர்களைப் பிடித்துத் தங்கையைத் திருப்பி அழைத்துவந்தவர்களில் மேரி ஒருத்தி. அதாவது டாமை இந்தக் குடும்பத்துக்கு வெளியே நிறுத்தப் பார்த்தவள். நான்காம் சீசன் தொடக்கத்தில் நடைப்பிணமாகக் கிடக்கும் மேரியைக் குத்தகைதாரர் விவகாரங்களுக்குள் இழுத்துவிட முயல்பவர் டாம். 1924 கிறிஸ்துமஸில் டாம் அமெரிக்கா கிளம்பும் முன் மேரி, அவளுடைய இன்னொரு தங்கை எடித், டாம் மூவரும் குழந்தைகள் அறையில் கைகோத்து நின்று சிபிலை நினைத்துக்கொள்கிறார்கள். 1925-இல் எடித்தின் ரகசியத்தை மேரி போட்டு உடைத்தபோது, அந்த வீட்டில் வேறு யாரும் பேசத் துணியாத மாதிரி அவளை முகத்துக்கு நேரே திட்டுகிறார் டாம். ஹென்றியோடு அவளைச் சேர்த்துவைக்கப் பாடுபடுவதும் அவரேதான்.

அந்தக் கடைசி வரி உங்கள் ஷிப்புக்கு எதிரான சாட்சி. அதையும் நோட்டில் எழுதுங்கள். எதிர்ச்சாட்சியை விழுங்கிவிட்டு எழுதினால், தொடரைக் கரைத்துக் குடித்த வாசகர் மூன்றாம் பத்தியிலேயே பிடித்துவிடுவார். ஒருவரை விரும்புகிறவர் தானே முன்னின்று இன்னொருவருக்கு அவளைக் கட்டிவைக்க ஏன் பாடுபட வேண்டும்? இந்தக் கேள்விக்கு உண்மையான ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டால் கதையில் பாதி கையில் வந்துவிட்டது.

அடுத்தது பிரியும் புள்ளி. கேனனை எந்த இடத்தில் விட்டு விலகப்போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். ஒரு சம்பவத்தை மட்டும் மாற்றுங்கள், இரண்டை மாற்றாதீர்கள். "டாம் அமெரிக்கா போகவில்லை" என்பது ஒரு புள்ளி. "டாம் போகவில்லை, ஹென்றியை மேரி சந்திக்கவே இல்லை, எடித்துக்கும் அவளுக்கும் சண்டையே இல்லை" என்றால் உங்களுக்கு வசதியான உலகத்தைக் கட்டிக்கொள்கிறீர்கள். அதில் இழுபறி இருக்காது.

புள்ளியைத் தேர்ந்ததும் அதன் விளைவுகளைக் கணக்குப் போடுங்கள். தொடரில் டாம் போனதால்தான் காரியஸ்தர் பொறுப்பு மேரி கைக்கு வந்தது. அவர் போகாவிட்டால் அவள் இன்னும் உதவிக்கு நிற்பவள்தான். தன் மகன் நாளை ஆளப்போகும் நிலத்தில், மேத்யூவின் பங்குக்குத் தானே வாரிசாக இருந்தும், கையெழுத்துப் போடும் உரிமை பழைய டிரைவரிடம். மேரிக்கு இது உறுத்தும். காதல் கதைக்கு நடுவே ஓர் அதிகாரச் சண்டை தானாக வந்து உட்காரும். நாம் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை, ஒரு ஆணியைப் பிடுங்கினோம், அவ்வளவுதான்.

இந்த ஜோடிக்குப் பொருத்தமான காலம் 1922 பிப்ரவரியிலிருந்து 1924 கிறிஸ்துமஸ்வரை. அதிலும் 1922-இன் கடைசியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. டாம் ஏன் டவுன்டனில் இருக்கிறார்? அயர்லாந்தில் ஒரு பிரபுவின் மாளிகை எரிக்கப்பட்ட விவகாரத்தில் தப்பி வந்தவர். திரும்பினால் சிறை என்பதால் முதலில் தங்கினார். 1922 டிசம்பர் 6-இல் ஐரிஷ் சுதந்திர நாடு பிறந்துவிட்டது. பிரிட்டிஷ் அரசின் அந்தத் தடைக்கு அங்கே இனி என்ன மரியாதை? ஊருக்குப் போக முடியாது என்ற சாக்கு போய்விடுகிறது. அப்புறமும் அவர் யார்க்‌ஷயரில் பன்றிப் பண்ணைக் கணக்குப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்றால், யாருக்காக? செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு மேரி இதைக் கேட்கட்டும். ஒரு முழு அத்தியாயம் தயார்.

இனிச் சட்டம். காதல் கதைக்கு எதற்குச் சட்டம் என்று தோன்றலாம். இந்த ஜோடியைத் தமிழில் எழுதுபவர் வழுக்கும் இடமே அதுதான். நம் குடும்பங்கள் பலவற்றில் மனைவி இறந்தால் கொழுந்தியாளைக் கட்டிவைப்பது பழகிய ஏற்பாடு. குழந்தைக்குச் சித்தியே அம்மா ஆகிவிடுவாள். ஆனால் மனைவியின் அக்காவை மணப்பது என்றால் நமக்கே முகம் சுளிக்கும். அந்த இடத்தின் மரியாதை வேறு. மேரி, சிபிலுக்கு அக்கா. ஆக நம் வாசகருக்குக் கூச்சம் வருவது 'அக்கா' என்பதில். இங்கிலாந்தின் சட்டம் அக்கா தங்கை என்று பிரிக்கவில்லை. இறந்த மனைவியின் சகோதரி யாராயிருந்தாலும் 1907 வரை அவளை மணப்பது செல்லாது. பல பத்தாண்டுகள் நாடாளுமன்றத்தில் இழுத்தடித்து, அந்த ஆண்டுதான் தனிச் சட்டம் இயற்றி அனுமதித்தார்கள். அந்தச் சட்டத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு: இப்படிப்பட்ட திருமணத்தை நடத்திவைக்க இங்கிலாந்துத் திருச்சபைப் பாதிரியார் மறுக்கலாம், அதற்காக அவர்மீது நடவடிக்கை கிடையாது.

டவுன்டன் ஊர்ப் பாதிரியார் டிராவிஸ், கத்தோலிக்கர்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை மூன்றாம் சீசனின் ஒரு விருந்துக் காட்சியில் கேட்டிருப்பீர்கள். அவர் மறுக்காமல் இருப்பாரா? கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனால் அங்கே இன்னொரு கணக்கு. 1917-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி இறந்த மனைவியின் சகோதரியை மணக்கத் தடை உண்டு, விலக்கு வாங்க வேண்டும். மணப்பெண் கத்தோலிக்கர் இல்லையென்றால் அதற்கும் தனியாக விலக்கு. பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கர்களாகவே வளர்ப்போம் என்று உறுதிமொழி கொடுத்தால்தான் அது கிடைக்கும். மிஞ்சுவது பதிவாளர் அலுவலகம். பிரபுவின் மூத்த மகளுக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் என்றால் பாட்டி வயலட் என்ன சொல்வாள்? இந்த மூன்று கதவில் எதைத் தட்டுவது என்று இருவரும் வாதிடும் காட்சி, "ஐ லவ் யூ" காட்சியைவிடப் பத்து மடங்கு சுவையாக இருக்கும். அது காதலைப் பற்றிய வாதம் போலவே இருக்காது என்பதுதான் அதன் அழகு.

பெயர் விஷயம் ஒன்று, சின்னதுதான், ஆனால் தப்பாக எழுதினால் பல்லை இளித்துவிடும். பிரபுவின் மகள் சாதாரணக் குடிமகனை மணந்தாலும் அவளுடைய 'லேடி' போகாது, குடும்பப் பெயர் மட்டும் மாறும். அவள் 'லேடி மேரி பிரான்சன்'. 'மிஸஸ் பிரான்சன்' இல்லை, 'லேடி பிரான்சன்' இல்லவே இல்லை. சந்தேகம் வந்தால் 'லேடி சிபில் பிரான்சன்' என்று தங்கையை எப்படி அழைத்தார்கள் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தொடர் முடிந்த பிறகான காலத்தில் எழுத ஆசையா? முடியும், ஆனால் பாரம் கூடும். 2022-இல் வந்த இரண்டாம் படம் 1928-இல் டாமுக்கும் லூசிக்கும் நடக்கும் திருமணத்தோடு தொடங்குகிறது. 2025-இல் வந்த மூன்றாம் படத்தில் மேரி விவாகரத்தானவள். "அப்ப வழி திறந்துவிட்டதே" என்று துள்ளாதீர்கள். முன்னாள் கணவர் உயிரோடு இருக்கும்போது, விவாகரத்தான பெண்ணை டாம் தன் மதக் கோயிலில் மணக்க முடியாது. விவாகரத்துக்கும் 1920-களில் நடைமுறையில் ஒரே காரணம், துணை வேறொருவரோடு கொண்ட தகாத உறவு. 1923-க்குப் பிறகுதான் மனைவியும் அதை மட்டுமே சொல்லி வழக்குப் போட முடிந்தது. கொடுமை, கைவிடல் போன்ற காரணங்கள் 1937 சட்டத்தில்தான் சேர்ந்தன. 1929-இல் "மனம் ஒத்துப்போகவில்லை" என்று சொல்லிப் பிரிகிற மேரியை எழுதினால் அது வேறு நூற்றாண்டு.

அப்படியானால் லூசியை என்ன செய்வது? ஆரம்பக் கதைகளில் மூன்று வழி பார்க்கலாம்: காய்ச்சலில் சாகடிப்பது, கெட்டவளாக்குவது, பெயரே சொல்லாமல் விடுவது. மூன்றும் கோழைத்தனம். ஹென்றிக்கும் இதே கதிதான். கேனனில் நல்ல மனிதர், உங்கள் கதையில் திடீரென்று குடிகாரர். ஜோடிக்கு வழிவிட இன்னொரு பாத்திரத்தைக் கெடுப்பதை ரசிகர்கள் பேஷிங் என்பார்கள். அதைப் பார்த்ததும் மூடிவிட்டுப் போகிற வாசகர்கள் நிறைய. போட்டியாளர் நல்லவராக இருக்கும்போதுதான் தேர்வுக்கு விலை இருக்கிறது. ஹென்றியை நல்லவராகவே விடுங்கள். மேரி அவரை முதலில் விலக்கியதே கார் பந்தயம் மேத்யூவின் சாவை நினைவுபடுத்தியதால்தான். அந்தப் பயம் கேனனிலேயே இருக்கிறது, நீங்கள் புதிதாக எதையும் பூச வேண்டாம். புதியவர்கள் முதல் கதைக்கு லூசிக்கு முந்திய காலத்தைத் தேர்ந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

இப்போது சிபில். இந்த ஜோடியில் எழுதிய கதை தேறுமா தேறாதா என்பதை அவளை எப்படிக் கையாண்டீர்கள் என்பதை வைத்தே சொல்லிவிடலாம். அதிகம் பார்க்கும் தவறு, சிபில் விட்டுச்சென்ற கடிதம் ஒன்று டிராயரில் அகப்படுவது. "எனக்கு ஏதாவது ஆனால் அக்காவும் நீங்களும்..." என்று அதில் இருக்கும். அல்லது கனவில் வந்து சிரித்துவிட்டுப் போவாள். இது வாசகரின் குற்ற உணர்வைத் துடைக்கும் தந்திரம். துடைத்ததும் கதையும் சேர்ந்து போய்விடுகிறது. செத்தவரிடம் அனுமதி கேட்க முடியாது என்பதுதான் இங்கே வலி. அதற்கு வெளியே எங்கும் கதை இல்லை.

பதிலாக அவளை அன்றாட வேலைகளில் வையுங்கள். சிபி கத்தோலிக்கக் குழந்தை. சிபிலுக்கு அதில் ஆட்சேபம் இல்லை என்பதை அப்பாவிடம் எடுத்துச் சொன்னவளே மேரிதான். அந்தக் குழந்தை ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போகிறது, யார் கூட்டிப்போகிறார்? மேரியைச் சித்தி என்பதா, பெரியம்மா என்பதா, அம்மா என்பதா என்ற கேள்வியை ஒரு நாள் பிள்ளையே கேட்டுவிட்டால்? (தமிழில் எழுதுவதில் உள்ள லாபம் இது. பெரியம்மா என்ற சொல்லிலேயே பாதி அம்மா இருக்கிறாள்.) டாம் ஒரு முறை மறந்துபோய் மேரியிடம், சிபிலிடம் சொல்வதுபோல எதையோ சொல்லிவிடட்டும். யாரும் அதைப் பற்றிப் பேசாமல் தேநீர் ஆறட்டும்.

பாத்திரங்களின் பேச்சுக்கு வருவோம். தொடரில் இருக்கும் ஆள் மாதிரியே இல்லை என்று வாசகர் சொன்னால் அதன் பெயர் ஓஓசி. பெரும்பாலும் அது நடப்பது உரையாடலில். மேரி உணர்ச்சியை நேராகச் சொல்ல மாட்டாள். சொல்ல வந்ததை ஒரு குத்தலுக்குள் ஒளித்துவைப்பாள். வாக்கியங்கள் குட்டையானவை. டாம் நேராகப் பேசுவார், கோபம் வந்தால் நீளமாகப் பேசுவார், அப்புறம் வருத்தப்படுவார். இருவரையும் ஒரே குரலில் பேசவைத்தால் முடிந்தது. இப்படி எழுதினால் வேலைக்கு ஆகாது:

"மேரி, உன்னைப் பார்க்காமல் என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது" என்றான் டாம். மேரியின் கண்கள் கலங்கின. "நானும்தான் டாம். இதை எத்தனை நாள் மனசுக்குள் பூட்டி வைத்திருந்தேன் தெரியுமா?"

பெயர்களை மாற்றிவிட்டால் இது எந்த ஜோடிக்கும் பொருந்தும். அதுதான் கோளாறு. அதே உணர்வை அவர்களுடைய வேலைக்குள் வைத்துப் பாருங்கள்:

"தெற்கு வயல் வடிகால் கணக்கில் ஏழு ஷில்லிங் இடிக்கிறது" என்றான் டாம்.

"இடிக்கட்டும்."

"போன மாதம் இதே ஏழு ஷில்லிங்குக்காக ராத்திரி பத்து மணிவரை என்னை உட்காரவைத்தீர்கள்."

"போன மாதம் நீங்கள் பாஸ்டனுக்குப் போவதாக இல்லை." மேரி பேரேட்டை மூடினாள். "விளக்கை அணைத்துவிட்டு வாருங்கள். கார்சன் சாப்பாட்டு மணி அடித்துவிடுவார்."

காதல் என்ற சொல் இல்லை, கண்ணீர் இல்லை. ஏழு ஷில்லிங்கைப் பொருட்படுத்தாத மேரி என்பதே செய்தி. வாசகர் அதைக் கண்டுகொள்ளும் சந்தோஷத்தை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள்.

நீ, நீங்கள் விஷயத்தை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் இல்லாத இந்த வசதி தமிழில் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த ஆயுதம். டாம் டிரைவராக இருந்தபோது மேரி அவரை 'நீ' என்றுதான் சொல்லியிருப்பாள், அவர் 'மை லேடி' என்றிருப்பார். குடும்பத்துக்குள் வந்த பிறகு இருவரும் 'நீங்கள்'. அதாவது மேரி வாயிலிருந்து மறுபடி 'நீ' வந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்க முடியும்: பழைய எஜமானியின் அதட்டல், அல்லது நெருக்கம். கோபமான ஒரு காட்சியில் அவள் 'நீ' என்றுவிட, எது என்று அவருக்கே புரியாமல் போகட்டும். இதைக் கதையில் ஒரே ஒரு முறை செய்யுங்கள், முக்கால் பங்கு தாண்டிய பிறகு. பக்கத்துக்குப் பக்கம் நீயும் நீங்களும் மாறி மாறி வந்தால் கவனக்குறைவு என்றுதான் வாசகர் நினைப்பார். கதை சொல்பவரின் குரலிலும் அப்படியே: என்றான் என்றால் கடைசிவரை என்றான்.

அளவு. முதல் கதை ஒன் ஷாட்டாக, அதாவது ஒரே பகுதியில் முடிவதாக இருக்கட்டும், 1500 முதல் 3000 சொல். ஓர் இடம், ஓர் இரவு, ஒரே பிரியும் புள்ளி. யார் பார்வையில் கதை நகர்கிறது என்பதையும் ஒன்றாக வையுங்கள். டாம் பார்வையில் எழுதினால் மேரி மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியக் கூடாது. தொடர்கதை ஆசை இருந்தால் 10 முதல் 12 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1500–2000 சொல். நட்பிலிருந்து மெதுவாகக் காதலுக்குப் போகும் கதைகளை ஸ்லோ பர்ன் என்பார்கள். அதில் ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் உறவு ஒரு பிடியாவது நகர்ந்திருக்க வேண்டும்; முன்னேதான் போக வேண்டும் என்றில்லை, பின்னே போனாலும் சரி. பார்வைகள் சந்தித்தன, விலகின, சந்தித்தன என்று ஐந்து அத்தியாயம் ஓட்டுவது மெதுவாக எரிவது இல்லை, எரியவே இல்லை. முதல் தொடுகை மூன்றில் ஒரு பங்கு தாண்டியும், வெளிப்படையான பேச்சு மூன்றில் இரண்டு பங்கு தாண்டியும் வந்தால் சரியாக இருக்கும்.

தொடங்கிவிட்டுப் பாதியில் நிற்பது இந்தத் துறையின் தேசிய நோய். கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது குறைந்தது பாதிக் கதையாவது கையில் இருக்கும்போது வெளியிட ஆரம்பியுங்கள்.

நவீன காலத்துக்கு மாற்றி எழுதுவது, அதாவது ஏயூ (மாற்று உலகக் கதை), சுலபம் என்று பலர் அதில் குதிக்கிறார்கள். இன்றைய லண்டனில் மேரி ஒரு நிறுவனத்தின் தலைவி, டாம் பத்திரிகையாளர் என்று வைத்ததும் வர்க்கம், திருச்சபை, 1907 சட்டம் எல்லாம் ஒரே நொடியில் ஆவியாகிவிடும். மிஞ்சுவது அழகான இருவர் காபி குடிப்பது. ஏயூ எழுதினால் இழந்த சுவருக்குச் சமமான ஒன்றைக் கட்டிக்கொடுங்கள். சிபிலின் சாவை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டால்கூடப் போதும்.

எழுதி முடித்ததை வெளியிடும் முன் வேறொருவர் படிக்க வேண்டும். பீட்டா ரீடர் என்பது அவர்தான். தொடரைப் பார்த்த ஒருவர், பார்க்காத ஒருவர் என இருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். பார்த்தவர் ஓஓசியைப் பிடிப்பார். பார்க்காதவர், நீங்கள் விளக்காமல் விட்டதைப் பிடிப்பார்.

ஃபேன் ஃபிக்‌ஷனுக்கான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் போடுகிறீர்கள் என்றால் குறிச்சொல்லில் கவனம். இரு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போட்டால் காதல் அல்லது உடலுறவு, '&' போட்டால் நட்பு அல்லது குடும்ப உறவு. மேரி–டாம் மாதிரி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஜோடியில் இந்தக் குறி மாறிப்போனால் தப்பான வாசகர் வந்து கோபித்துக்கொண்டு போவார். பெயர்களைத் தட்டும்போது தளமே காட்டும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள், சொந்தமாக எழுத்துக்கூட்டினால் தேடுபவர் கண்ணில் படாது. டாம்–சிபில் உறவும் கதையில் பெரிதாக வருமானால் அதையும் குறியுங்கள். வயது அளவு ஜெனரல், டீன், மெச்சூர், எக்ஸ்ப்ளிசிட் என்று நான்கு. எதையும் குறிக்காமலும் விடலாம். முக்கியப் பாத்திரம் சாவது போன்ற சில விஷயங்களுக்குத் தனி எச்சரிக்கைக் குறி உண்டு. சிபில் கேனனில் இறந்தவள்தானே என்று விடாதீர்கள், அந்தச் சாவைக் காட்சியாக விரித்து எழுதினால் குறிப்பது நல்லது. காசு கேட்பது, நன்கொடை இணைப்பு வைப்பது அங்கே கூடாது. வேறு எங்கு போட்டாலும் இதை விற்காதீர்கள், பாத்திரங்களின் உரிமை உங்களுடையது இல்லை. நடிகர்களின் பக்கங்களில் கதையைக் கொண்டுபோய் ஒட்டுவதும் வேண்டாம். மேரியை எழுதுகிறீர்கள், அவளாக நடித்த பெண்ணை இல்லை.

கதைச் சுருக்கம் இரண்டு வரிக்குமேல் வேண்டாம். "என் முதல் கதை, தப்பிருந்தா மன்னிச்சிடுங்க" என்று தொடங்கினால் அதையே காரணமாக வைத்துத் தாண்டிப்போவார்கள். காலம், பிரியும் புள்ளி, சுவர் மூன்றும் அதில் இருந்தால் போதும்: "1922 டிசம்பர். டாம் ஊருக்குப் போக இனி எந்தத் தடையும் இல்லை. பெட்டியை ஏன் இன்னும் கட்டவில்லை என்று கேட்க மேரிக்குத்தான் தைரியம் வரவில்லை."